கிளாம்போட வாய் அஞ்சு இஞ்சி

அண்ணாச்சி, அண்ணாச்சி, அந்தத் துண்டு மேல உக்காந்துராதீங்க. ஆள் வருது. இடம் புடிச்சு வச்சிருக்கேன். கோவிச்சுக்கிடாதீங்க, இந்த ஓரத்துல ஒட்டிக்கிடுங்க, நான் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுதேன். பாதி உடம்புக்கு இடம் கிடைக்கும். மீதி பாதிய நீங்க பாத்துக்கிடுங்க.

தோள்பட்டையா? சரி, சரி. எனக்கு ஒண்ணும் இல்ல. வீட்டுக்காரிக்குத்தான். கையி. செவ்வாக்கிழமை மட்டுந்தான் கை பாக்குற டாக்டர் வாராராம்லா, அதான் விடியறதுக்கு முன்னாடியே வந்து சீட்டு போட்டுட்டேன். டோக்கன் இருபத்தி மூணு. சன்னல்ல இருந்த ஆளு தூக்கக் கலக்கத்துல பேரு என்னன்னு கேட்டான், குத்தாலிங்கம்னேன். வயசுன்னான், அம்பத்தி மூணுன்னேன். அவ்வளவுதான், அரை நிமிசத்துல முடிஞ்சிட்டு. கவர்மெண்ட் ஆஸ்பத்திரிய சும்மா குறை சொல்லுதாங்க.

இப்ப எத்தனை ஓடுது? ஒம்பதா? அப்ப நேரம் இருக்கு. அவ வந்துருவா. அவ அண்ணன் வீட்டுல இருந்து வரணும், ரெண்டு பஸ். வருவா. வரணும். இன்னைக்கு விட்டா அடுத்த செவ்வா, அடுத்த செவ்வா விட்டா… விடுங்க.

நான் தச்சு வேலை. கதவு, சன்னல், நிலை. பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன், நைட் ஸ்கூல்ல. பகல்ல உளி, ராத்திரி பேனா. நெம்புகோல் தத்துவம் மூணு வகைன்னு இப்பவும் ஒப்பிப்பேன். எங்க வட்டாரத்துல ஆசாரிகள்ல நெம்புகோல் வகை தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். அதனால என்ன பிரயோசனம்னு உலகம்மா கேப்பா. உலகம்மாதான் என் வீட்டுக்காரி.

தச்சு வேலையில ஒரு சங்கடம் உண்டு அண்ணாச்சி. கடவுள் ரெண்டு கைதான் குடுத்திருக்கான். இழைக்க ஒரு ஆளு வேணும், பலகைய அசையாமப் புடிக்க ஒரு ஆளு வேணும். பழைய ஆளுக தரையில உக்காந்து கால் விரலால புடிப்பாங்க. நான் நின்னு வேலை செய்யுற ஆளு, பெஞ்சு போட்டவன். நாலு இஞ்சி கன வேங்கைப் பலகை. காலு தேக்கு. அந்தத் தேக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு கேக்காதீங்க. கேட்டுட்டீங்களா? உலகம்மாவுக்கு அவ அப்பா சீரா குடுத்த கட்டிலு. கல்யாணமாகி நாலாம் மாசம் கட்டில் காலக் கழட்டி பெஞ்சுக்குக் காலாக்கிட்டேன். உனக்கு நானே நல்ல கட்டிலா ஒண்ணு செஞ்சு தாரேன்னு சொன்னேன். இன்னும் சொல்லிக்கிட்டுதான் இருக்கேன். தரையில படுக்கது முதுகுக்கு நல்லது.

சரி, விசயத்துக்கு வாரேன். பலகைய யாரு புடிக்கான்னா, அவதான் புடிப்பா. இருபத்தாறு வருசம். கிழக்கு மூலையில நிப்பா. நான் 'புடி'ம்பேன், புடிப்பா. 'விடு'ம்பேன், விடுவா. கையிதான் புடிக்கும்னு நினைக்காதீங்க, உடம்பே புடிக்கும். இழைப்புளி போற போக்குக்குத் தக்கன கொஞ்சம் விட்டுக் குடுப்பா, கொஞ்சம் இறுக்குவா. நான் சொல்லிக் குடுக்கல. வாய் பேசாம நாள் பூரா வேலை ஓடும். பக்கத்து வீட்டுல ஒரு தடவை கேட்டாங்களாம், உங்க வீட்டுல அவரு உங்கிட்ட என்னதான் பேசுவாருன்னு. 'ரெண்டு வார்த்தை பேசுவாரு, புடி, விடு'ன்னு இவ சொல்லிருக்கா. எல்லாரும் சிரிச்சிருக்காங்க. நானும் சிரிச்சேன். நல்ல நகைச்சுவை உணர்ச்சி அவளுக்கு.

ஆனி மாசம் ஒரு கதவுச் சட்டத்தை என் கால்ல போட்டுட்டா.

பெருவிரல் நகம் கறுத்துப் போச்சு, இந்தா பாருங்க, இன்னும் போகல. 'என்னட்டீ'ன்னேன். 'விரல் மரத்துப் போகுதுங்க, புடிச்சது புடிச்ச மாதிரியே தெரிய மாட்டேங்குது'ன்னா. கைய நீட்டினா. நான் கால் நகத்தப் பாத்துக்கிட்டு இருந்தேன். மறுநாளும் சொன்னா. அதுக்கு மறுநாள் சோத்துக் கரண்டி நழுவி விழுந்துச்சு, 'பாத்தீங்களா'ன்னா. நான் ஒண்ணும் சொல்லல. சொல்லலன்னா கவனிக்கலன்னு அர்த்தம் இல்ல அண்ணாச்சி. எனக்கு மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும். பொம்பளைக்கு வலிக்குதுன்னா ஆம்பளை என்ன செய்யணும்? ஐயோ பாவம்னா தீந்துருமா? புடிக்கதுனாலதான் வலி. அப்ப இவ புடிக்கக் கூடாது. அப்ப வேற என்னமாது புடிக்கணும். நைட் ஸ்கூல் படிச்சவன் இப்படித்தான் யோசிப்பான்.

கிளாம்பு செஞ்சேன்.

கடையில விக்குறது வேண்டாம்னுட்டேன். கிரில் பட்டறையில கழிச்சுப் போட்ட கனத்த இரும்புப் பட்டைய 'ப' மாதிரி வளைச்சு, ஒரு முனையில நட்டு வச்சு வெல்டிங் போட்டு, லாரி போல்ட்ட அதுக்குள்ள முடுக்கி, நுனியில மரக்கட்டையில ஒரு தலை. பலகையையும் பெஞ்சையும் சேத்துக் கவ்விப் புடிக்கும். மூணு செஞ்சேன். அவளக் கூப்பிட்டுக் காட்டினேன். 'இனிமே நீ வேண்டாம்'னு சொன்னேன். சந்தோசமாத்தான் சொன்னேன். அவ திரும்பி உள்ள போனா. ஆச்சரியத்துல போறான்னு நினைச்சேன்.

இந்தப் பையிலதான் ஒண்ணு வச்சிருக்கேன். தூக்கிப் பாருங்க. மூணு கிலோ. எதுக்கா? அவகிட்டக் காட்டத்தான். இப்ப சரியா வேலை செய்யுது, வந்து பாருன்னு. ஏன் அண்ணாச்சி அப்படிப் பாக்கீங்க?

எத்தனை கூப்பிட்டாங்க? பதிமூணா? அந்தா ஒரு நீலச் சேலை வருது… இல்ல, அவ இல்ல.

கிளாம்ப பெஞ்சுல மாட்டிப் பாத்தா மாட்ட மாட்டேங்குது. கிளாம்போட வாய் அஞ்சு இஞ்சி. பெஞ்சு நாலு இஞ்சி. கதவுச் சட்டம் ஒன்றரை இஞ்சி. நாலும் ஒன்றரையும் அஞ்சரை. நமக்குக் கூட்டல் வரும், நேரத்துக்கு வராது. கிளாம்ப வெட்டி மறுபடி வெல்டு வைக்கலாம். வைக்கலாம்தான். ஆனா மூணும் கச்சிதமா வந்திருந்துச்சு, மனசு வரல. பெஞ்சத் திருத்திருவோம்னுட்டேன். அடியில ரெண்டு இஞ்சி குடைஞ்சுட்டா கிளாம்போட கீழ்த்தாடை உள்ள போய் உக்காந்துரும்லா?

எங்க குடையலாம்? மேக்க இரும்பு இடுக்கி இருக்கு. வடக்க சுவரு. நடுவுல குடைஞ்சா பலகை பலம் போயிரும். கிழக்கு மூலைதான் தோது. அவ நிக்குற மூலை. அவதான் இனி நிக்கப் போறதில்லையே.

பெஞ்சக் கவுத்துப் போட்டேன். அண்ணாச்சி, அந்த மூலையில, அடிப்பக்கம் பூரா பொட்டு. ஒட்டுப்பொட்டு. வரிசை வரிசையா. வேர்வையில நழுவும்லா, நான் 'புடி'ன்னு சொல்லிட்டா கைய எடுத்து சேலையில துடைக்கவும் முடியாது, இடையில விட்ட நேரத்துல எடுத்து அங்கன ஒட்டி வச்சிருக்கா. செவப்பு, அரக்கு, ஆரம்பத்துல ஒட்டினது வெளுத்து மரத்து நிறத்துக்கே வந்துருக்கு. நான் எண்ணிப் பாக்க ஆரம்பிச்சேன், எழுவதுக்கு மேல விட்டுட்டேன். வேலை கிடக்கே.

உளிய வச்சுக் குடைஞ்சேன். வேங்கை லேசுல வராது. நாலு நாள் ஆச்சு. அந்த நாலு நாளும் நல்லா இருந்தேன்னுதான் சொல்லணும். காப்பி வரும், சோறு வரும், நான் குனிஞ்ச தலை நிமிரல. சீவல் பூராவும் பொட்டோட உருண்டு உருண்டு கிடந்துச்சு. அவதான் கூட்டி அள்ளினா.

நாலாம் நாள் மத்தியானம் கிளாம்பு ஏறிட்டு. ஏறிட்டு, ஆனா இறுக்கினா வழுக்குது. சட்டத்துல பசை தடவி வச்சிருக்கேன், காயுறதுக்குள்ள இறுக்கணும். முடுக்குதேன், வழுக்குது. முடுக்குதேன், வழுக்குது. எனக்கு வேர்த்து ஊத்துது. இவ முறத்துல சீவல அள்ளிக்கிட்டு வாசல்ல நிக்கா போல. என்னவோ கேட்டா. கடைசி வார்த்தைதான் காதுல விழுந்துச்சு. 'புடிக்கலையா?'ன்னா.

நான் கிளாம்பப் பாத்துக்கிட்டே சொன்னேன். 'புடிக்கல. எவ்வளவு பாத்தாலும் புடிக்கல. பழசக் கழிச்சுட்டு வேற ஒண்ணு பாக்க வேண்டியதுதான்'னேன்.

மரக்கட்டைத் தலையச் சொன்னேன் அண்ணாச்சி! நீங்களே சொல்லுங்க, பசை காயப் போகுது, நான் எதப் பத்திப் பேசுவேன்?

அவ கேட்டது என்னன்னு பிறகு அவ அண்ணன் சொல்லித்தான் தெரியும். 'நான் இந்த வீட்டுல இருக்கது உங்களுக்குப் புடிக்கலையா?'ன்னு கேட்டிருக்கா.

முறம் வாசல்ல இருந்துச்சு. சீவலோட. சாயங்காலம் காப்பி வரலையேன்னு உள்ள போய்ப் பாத்தேன். கொடியில சேலை இல்ல. ரெண்டு மணி பஸ்ஸுக்கே போயிட்டா.

இருபத்தி மூணு நாள் ஆச்சு. டோக்கனும் இருபத்தி மூணு, பாத்தீங்களா. சும்மா சொன்னேன், எனக்கு அதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது.

தலைக்கு ரப்பர் ஒட்டினதும் வழுக்குறது நின்னுட்டு. இப்ப என்ன மாதிரி புடிக்கும்ங்கீங்க! யானை வந்து இழுத்தாலும் வராது. அதான் சங்கடம். இறுக்க மட்டுந்தான் தெரியும் அதுக்கு. எந்த இடத்துல போதும்னு தெரியாது. முத வாரம் ரெண்டு சட்டம் நசுங்கிப் போச்சு. மூணாவது சட்டம் இழைக்கும்போது, இழைப்புளி ஒரு கணுவுல மாட்டுது, அந்த இடத்துல எதிர்ப்பக்கம் லேசா விட்டுக் குடுக்கணும். நான் பழக்க தோசத்துல 'விடு'ங்கேன். கிளாம்பப் பாத்து. அது விடுமா? சட்டம் நீளத்துக்குப் பிளந்துச்சு. மறுபடியும் 'விடு, விடுட்டீ'ன்னு கத்துதேன். தெருவுல போன ஆளு எட்டிப் பாத்துட்டுப் போனான்.

அன்னைக்கு நான் சாப்பிடல. மறுநாளும் பொங்கல. சோறு பொங்கத் தெரியும் எனக்கு, ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசின்னுதான் தெரியல. கதவு செய்யச் சொல்லிருந்த ரெண்டு பேரையும் வேற ஆளப் பாத்துக்கிடச் சொல்லிட்டேன். பெஞ்சுல போய் கிழக்கு மூலையில நிப்பேன். அவ நின்ன இடத்துல. அங்கன நின்னு பாத்தா என்ன தெரியும்னு நினைக்கீங்க? என் உச்சந்தலை இருந்த இடம் தெரியும். வேற ஒண்ணும் தெரியாது. இருபத்தாறு வருசம் அவ அதத்தான் பாத்திருக்கா.

பதினெட்டா? இப்ப வேகமா கூப்பிடுதாங்களே. காலையில நல்லா இழுத்துக்கிட்டுத்தான இருந்தாங்க.

அவ அண்ணன், சங்கிலின்னு பேரு, அவன் வீட்டுக்குப் போனேன். போகாம இருப்பேனா? கேட்டுக் கதவத் திறக்கல அவன். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டே, 'வாங்க மச்சான், கிளாம்பெல்லாம் சௌரியமா இருக்கா? சாப்பாடு ஆக்கிப் போடுதா?'ன்னான். சிரிப்பு வேற. நான் கோவப்படல. உங்க தங்கச்சிய வரச் சொல்லுங்க, தப்பாப் புரிஞ்சிக்கிட்டா, நான் சொன்னது மரக்கட்டையத்தான்னு சொன்னேன். உள்ள போயிட்டு வந்தான். 'அவளும் கட்டையத்தான்னு சொல்லுதா. எந்தக் கட்டைன்னு சொல்லல'ன்னான்.

பாத்தீங்களா, நகைச்சுவை உணர்ச்சி.

இதெல்லாம் கூடத் தாங்கிருவேன் அண்ணாச்சி. போன வாரம் ஆதார் கார்டு தேடி அவ தகரப்பெட்டியத் திறந்தேன். இந்த ஆஸ்பத்திரிச் சீட்டு ஒண்ணு கிடந்துச்சு. இதே ஆஸ்பத்திரி, இதே கை டாக்டர். உலகம்மாள், கை மரத்தல். தேதியப் பாத்தேன். ஆறு வருசம் முந்தினது.

ஆறு வருசம்.

கீழ எழுதியிருக்கு, கனமான பொருளை இறுக்கிப் பிடிக்கக் கூடாதுன்னு. தமிழ்லயே எழுதிருக்கார், அந்த டாக்டர் நல்லா இருக்கணும். எனக்குப் புரியாம இருக்கதுக்கு வழியே இல்ல. இவ தனியா வந்திருக்கா. சீட்டு வாங்கிருக்கா, இந்தப் பெஞ்சுலதான் உக்காந்திருப்பா, டாக்டர் கிட்டக் காட்டிருக்கா, வீட்டுக்கு வந்து பெட்டியில வச்சுப் பூட்டிட்டு, நான் 'புடி'ன்னதும் கிழக்கு மூலையில வந்து நின்னுருக்கா. அந்த ஆறு வருசத்துல எத்தனை கதவு செஞ்சேன்னு யோசிச்சுப் பாத்தேன். பெருமைக்காக யோசிக்கல.

ஒருவேளை எங்கிட்டச் சொல்லிருப்பாளோ? சொல்லிருந்து, நான் கால் நகம் மாதிரி எதையாவது பாத்துக்கிட்டு இருந்தேனோ? அதத்தான் நினைவுக்குக் கொண்டாரப் பாக்கேன். வர மாட்டேங்குது.

சீட்ட எடுத்துக்கிட்டு இங்க ஓடி வந்தேன். கட்டுப் போடுற அறையில இருக்க ஆளு, வயசானவரு, அவருட்டக் காட்டினேன். 'ஆறு வருசமாவா? கைப் பெருவிரலுக்கு அடியில இருக்க சதை வத்தியிருக்கான்னு பாத்தியா?'ன்னு கேட்டாரு. நான் பாக்கல. 'வத்த ஆரம்பிச்சாச்சுன்னா சீக்கிரம் ஆபரேசன் பண்ணணும், பிந்திட்டா அந்தச் சதை திரும்பாது. சட்டை பட்டன் கூடப் போட முடியாது. உன் சம்சாரம் கைய நீ பாத்ததே இல்லையா?'ன்னாரு. பாத்திருக்கேன்னு சொன்னேன். நாள் பூரா எதுத்தாப்புலதான இருந்துச்சு. பலகை எங்க முடியுது, கை எங்க ஆரம்பிக்குதுன்னு பிரிச்சுப் பாத்ததில்ல. அத அவருட்டச் சொல்லல.

மறுபடி சங்கிலி வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை கேட்டப் புடிச்சுக்கிட்டு நின்னேன். எனக்காக வர வேண்டாம், கைக்காக வரச் சொல்லுங்க, செவ்வாக்கிழமை டாக்டர் வாராரு, நான் முதல்லயே போய் இடம் புடிச்சு வைக்கேன், அவ வந்து உக்காந்தாப் போதும், நான் பேசக் கூட மாட்டேன்னேன். சங்கிலி சிரிக்கல. சொல்லிப் பாக்கேன்னான். ஒரு வார்த்தை, வாரான்னோ வரலன்னோ சொல்லல.

அதான் அண்ணாச்சி இந்தத் துண்டு. உங்களப் பாதி உடம்போட உக்கார வச்சிருக்கேன், தெரியுது. வலிக்குதா? கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க. இந்த ஒரு இடத்த விட்டுட்டேன்னா எனக்கு வேற…

இருபத்தி ரெண்டா? அதுக்குள்ளயா?

அடுத்து நான்தான். அவ வரல. அண்ணாச்சி, உங்க நம்பர் என்ன? இருபத்தி ஏழா? நீங்க போங்க. நீங்க முன்னால போங்க, நான் உங்க நம்பருக்குப் போறேன். அதுவும் ஆயிட்டுன்னா பின்னால இருக்கவர அனுப்புவேன். கடைசி ஆளாப் போறேன். டாக்டர் ஒரு மணி வரைக்கும் இருப்பாருல்லா?

இந்தா, கூப்பிட்டுட்டாங்க. வாரேம்மா, வாரேன்! குத்தாலிங்கம் நான்தான். இல்லம்மா, எனக்கு இல்ல, என் கை நல்லா இருக்கு. என் வீட்டுக்காரிக்கு. பேரா? உலகம்மாள். சீட்டுல ஏன் குத்தாலிங்கம்னு… பேரு கேட்டாங்க, சொன்னேன். யார் பேரு கேட்டாங்கன்னு… ஆமா. ஆமாம்மா. புரியுது. இது ஆம்பளைங்க வரிசையா? எல்லாமேவா? அப்ப பொம்பளைங்க? தூணுக்கு அந்தப் பக்கமா?

அஞ்சு மணியில இருந்து நான் ஆம்பளைங்க வரிசையில அவளுக்கு இடம் புடிச்சிருக்கேன் அண்ணாச்சி. கேட்டீங்களா? பெஞ்சு நாலு இஞ்சி, சட்டம் ஒன்றரை. அதே கணக்கு.

அண்ணாச்சி.

மெதுவாத் திரும்பிப் பாருங்க. தூணுக்கு அந்தப் பக்கம், முத வரிசையில. அரக்குச் சேலை. அவதான். தனியா உக்காந்திருக்கா, கையில சீட்டு வச்சிருக்கா. சங்கிலி கூட வரல. எப்ப வந்தா? நமக்குப் பத்தடி கூட இல்லையே. நான் சத்தமாவா பேசிக்கிட்டிருந்தேன்? எதுல இருந்து கேட்டிருப்பா? கட்டில்ல இருந்தா?

எந்திரிக்கா. அவ நம்பரக் கூப்பிட்டுட்டாங்க. நர்சு என்னவோ சொல்லுது, வளையலக் கழட்டணுமாம். அவளால முடியல பாருங்க, அந்தக் கையால இந்தக் கை வளையல… விரலு நிக்க மாட்டேங்குது. நர்சு வேற ஆளுகிட்டப் போயிட்டு. நான் போகவா? பேச மாட்டேன்னு சொல்லிருக்கேனே. போகவா அண்ணாச்சி?

இங்க வாரா. இங்கதான் வாரா.

உலகு, நான்… சரி. சரி, பேசல. குடு. இந்தா, வலிக்காமக் கழட்டுதேன். இந்தக் கையி… இந்தச் சதை… இல்ல, ஒண்ணும் சொல்லல. நாலு வளையல். உன் பையுமா? குடு.

போயிட்டா. உள்ள போயிட்டா அண்ணாச்சி. என்ன சொன்னா கேட்டீங்களா? பக்கத்துல இருந்தீங்களே, கேட்டிருப்பீங்க. ஒரே வார்த்தை. 'புடிங்க'ன்னா. வளையலோட அவ பையையும் நீட்டி, 'புடிங்க'ன்னா. எவ்வளவு நேரம்னு சொல்லல. விடச் சொல்லுவாளான்னும் தெரியல.

ஏன் நிக்கீங்க? நல்லா உக்காருங்க, முழு உடம்பும் வச்சு உக்காருங்க. அந்தக் கிளாம்புப் பையக் காலால பெஞ்சுக்கு அடியில தள்ளிருங்க, நல்லா உள்ள, வெளிய தெரியாம. துண்ட நீங்களே எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி. என் கை காலி இல்ல.